சாவியைப் பிடுங்குவதற்கு முன்...



வெர்னியர் காலிப்பரைக் கையில் எடுத்ததும் நாம் முதலில் என்ன பார்க்கிறோம்? ஜீரோ எரர்! அதைக் கழிக்காமல் எழுதிய அளவுக்கு லேப் நோட்டில் சிவப்பு மைதான் பரிசு. மனுஷனோட தைரியத்துக்கும் ஜீரோ எரர் உண்டு என்பதை நான் படித்தது லேபில் அல்ல, நாகலூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில்!

என் தாத்தாவுக்கு வயது 71. மிளகும் காபியும் ஏற்றிக்கொண்டு, ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, ஜீப்பில் சேலம் போய் வருவார். போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், பனிமூட்டத்தில் வண்டி தடுப்புச் சுவரில் உரசிவிட்டது. அப்பா சாவியை வாங்கி பீரோவில் பூட்டினார். நானும் "சரிதாம்ப்பா" என்றேன். தாத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து சந்தைக்கும் போகவில்லை, ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2019 திருத்தத்தின்படி, 55 வயதைத் தாண்டியவருக்கு லைசென்ஸ் 5 ஆண்டுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். டாக்டர் படிவம் 1ஏ-யில் கையெழுத்துப் போட வேண்டும். 25 மீட்டர் தூரத்தில் நம்பர் பிளேட் தெரிகிறதா? ஹாரன் சத்தம் கேட்கிறதா? மாலைக்கண் உண்டா? எல்லாம் தேவையான கேள்விகள்தான். ஆனால், "பெரியவரே, எந்த இடத்தில் ஓட்ட உங்களுக்குப் பயமாக இருக்கிறது?" என்று அந்தப் படிவம் கேட்பதில்லை.

வெளிநாட்டில் இதற்கும் அளவுகோல் செய்திருக்கிறார்கள். 2007-இல் வெளியான அடிலெய்டு அளவுகோலில் 12 சூழ்நிலைகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை ஓட்டுபவரே மார்க் போட வேண்டும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் உருவாகி 2008-இல் வெளிவந்த அளவுகோல், பகலுக்கு 13, இரவுக்கு 16 என்று தனித்தனியாகக் கேட்கிறது.

அப்படியானால் அதிக மார்க் போட்டவர் நல்ல டிரைவரா? அங்கேதான் வம்பு! 77 வயதைத் தாண்டியவர்களை வைத்து அமெரிக்காவில் 1998-இல் வெளியான ஆய்வில், அவர்களுடைய தன்னம்பிக்கைக்கும் ரோட்டில் ஓட்டிக் காட்டிய திறமைக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்தது. இதுதான் நான் சொன்ன ஜீரோ எரர்!

நான் எங்கள் மலைப்பாதைக்கென்று பத்துக் கேள்விகள் எழுதினேன். "என்னடா கண்ணு, எனக்கே பரீட்சையா?" என்று சிரித்துக்கொண்டே மார்க் போட்டார் தாத்தா. வளைவில் ஏறுவது 10. எதிரே பஸ் வந்தால் ஒதுங்குவது 10. பின்னால் டூரிஸ்ட் கார் ஹாரன் அடித்தால் 9. சாயங்காலப் பனிமூட்டம்... 2!

"ஏன் தாத்தா இதை முன்னாடியே சொல்லல?"

"யாருடா கேட்டீங்க?"

எனக்குத் தலை நிமிரவில்லை.

மறுநாள் அப்பாவிடம் சாவி வாங்கி, தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து போனேன். அவர் 10 போட்டதெல்லாம் 10 தான். ஆனால் 9 போட்ட இடத்தில், பின்னால் ஹாரன் கேட்டதும் பதறிப்போய் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினார். அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவரே தீர்ப்பும் எழுதினார்: பனி விலகிய பிறகுதான் புறப்பாடு, நாலு மணிக்குள் வீடு, கோடை விழா சமயத்தில் சேலத்துக்கு பஸ். சாவி மறுபடி ஆணியில் தொங்குகிறது.

படிவம் 1ஏ-யோடு இப்படி ஒரு தாளையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. லைசென்ஸை மறுப்பதற்காக அல்ல, வீட்டில் பேச்சைத் தொடங்குவதற்காக! மலையில் பெரியவர்களிடம் சாவியைப் பறித்தால் பாதி உலகத்தையே பறித்ததாகும். கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தாலோ உயிருக்கே ஆபத்து. அளந்து பார்ப்பது ஒன்றே நடுவழி.

நண்பர்களே, கடைசியாக ஒன்று. அதே தாளில் நானும் என் பைக்குக்கு மார்க் போட்டுப் பார்த்தேன். பத்துக்கும் பத்து! தாத்தா பார்த்துவிட்டு, "உன் பக்கத்துல யாருடா உட்காருவாங்க?" என்றார்.

சிந்திப்போம்!