எந்த லைன் நல்லதுன்னு கேக்குறதுக்கு முன்னாடி, எங்க நிக்கிறோம்னு பாருங்க

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க, வீட்டுல பெரியவங்க இருந்தா அவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.

தைப்பூசம் நெருங்கினா கோயில் வாட்ஸ்அப் குழுவுல தவறாம ஒரு கேள்வி வரும். "அண்ணே, எந்த லைன் நல்லா கிடைக்கும்? எதுக்கு மாத்தலாம்?" உடனே ஆளுக்கொரு கம்பெனி பேரைச் சொல்வாங்க. என் கருத்தைச் சொல்லிடுறேன். எல்லா இடத்துக்கும் நல்ல லைன்னு ஒண்ணு கிடையாது. நீங்க தூங்குற வீடு, உங்க அம்மா அப்பா இருக்குற வீடு, தினம் போற பாதை, இந்த மூணு இடத்துலயும் எது கிடைக்குதோ அதுதான் உங்களுக்கு நல்ல லைன். விலை அதுக்கு அப்புறம். 5ஜி எல்லாம் அதுக்கும் அப்புறம்.

நம்ம தீவோட அமைப்பே அப்படி. நடுவுல மலைத்தொடர். கிழக்குப் பக்கம் ஜார்ஜ்டவுன், மேற்குப் பக்கம் பாலேக் பூலாவ். குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் வாசல்ல எந்த சிம் போட்டாலும் கிடைக்கும். அதே சிம் பாலேக் பூலாவ் கம்போங் உள்ள போனா ஒரு கோடு காட்டும், இல்லன்னா அதுவும் இருக்காது. மாசி மகத்துக்கு தெலுக் பஹாங் சிங்கமுக காளியம்மன் கோயிலுக்குப் போறவங்க மலைச்சாலை வளைவுகள்ல பேச்சு அறுந்து போறதைப் பார்த்திருப்பீங்க. அலைவரிசை மலையைத் துளைச்சுக்கிட்டு வராது. மலைக்கு இந்தப் பக்கம் எந்தக் கம்பெனிக்குக் கோபுரம் இருக்குன்றதுதான் கணக்கு. பட்டணத்துல இருக்குற நண்பர் சொன்னாருன்னு கம்போங்ல இருக்குற அம்மாவுக்கு லைன் மாத்தாதீங்க.

தைப்பூசத்தன்னைக்கு மட்டும் கதை வேற. தண்ணீர்மலை அடிவாரத்துல போன்ல கோடு நிறைய காட்டும், ஆனா அழைப்பு போகாது. கோபுரம் பக்கத்துலதான் இருக்கு, ஒரே நேரத்துல அத்தனை ஆயிரம் பேர் அதுல தொங்குறோம், அதுதான் காரணம். அன்னைக்கு ஒருநாளுக்காக கம்பெனி மாத்துறது வீண். ஒரு வருஷம் பந்தல்ல ஒரு தாத்தா, கையில போனை வச்சுக்கிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல உக்காந்திருந்தாரு. மகனுக்கு அழைச்சா போகல. வேற கம்பெனி லைன் வச்சிருந்த தொண்டூழியர் ஒருத்தர் தன் போன்ல முயற்சி பண்ணினதும் மகன் எடுத்துட்டாரு. அதான் சொல்றேன், ஒரு குடும்பத்துல, ஒரு தொண்டர் குழுவுல எல்லாரும் ஒரே லைன் வச்சுக்காதீங்க. குடும்பப் பேக்கேஜ்ல மாசம் சில வெள்ளி மிச்சமாகும், உண்மைதான். ஆனா ஒரு லைன் படுத்தா மொத்தக் குடும்பமும் படுத்துடும். ஒருத்தராவது வேற லைன்ல இருக்கட்டும்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. வேற பேர்னா வேற கோபுரம்னு நினைச்சுடாதீங்க. டியூன் டாக், ரெட்ஒன் மாதிரி கம்பெனிகளுக்குச் சொந்தக் கோபுரம் கிடையாது, செல்கொம்டிஜி கோபுரத்துலதான் ஓடுது. செல்கொம், டிஜி ரெண்டும் 2022 கடைசியில ஒண்ணாயிடுச்சு. அதனால முன்ன செல்கொம் ஒண்ணு, டிஜி ஒண்ணுன்னு ரெண்டு சிம் வச்சிருந்தவங்க, இப்ப ரெண்டும் ஒரே கம்பெனின்னு புரிஞ்சுக்கணும். ரெண்டாவது சிம் போடுறதா இருந்தா மெக்சிஸ், செல்கொம்டிஜி, யூ மொபைல்னு கோபுரமே வேறயா இருக்குறதைப் பாருங்க.

5ஜி விளம்பரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். 2021 கடைசியில 5ஜி வந்தப்ப நாட்டுக்கே ஒரே கட்டமைப்புதான், டிஜிட்டல் நேஷனல் பெர்ஹாட் கட்டினது. அதைத்தான் கம்பெனிகள் வாங்கி நமக்கு வித்தாங்க. ரெண்டாவது கட்டமைப்புக்கு யூ மொபைலைத் தேர்ந்தெடுத்தது 2024 நவம்பர்லதான். கம்போங்ல அம்மாவோட பேசுறதுக்கு 4ஜி ஒழுங்கா இருந்தாலே போதும்.

பெரியவங்க விஷயத்துல இன்னொண்ணு. 2021 டிசம்பர் 31-ஓட நம்ம நாட்டுல 3ஜி சேவையை நிறுத்திட்டாங்க. பாட்டி இன்னும் பழைய போனையே வச்சிருந்தா, கோளாறு லைன்ல இல்லாம போன்லயே இருக்கலாம். 4ஜி வழியா பேசுற வசதி, அதான் வோல்டி, போன்ல இருக்கான்னு பேரப்பிள்ளைங்க பார்த்துக் குடுங்க. இருந்தும் அணைச்சு வச்சிருந்தா போட்டு விடுங்க.

சரி, எப்படித் தேர்ந்தெடுக்குறது? வரைபடத்தை மட்டும் நம்பாதீங்க. சின்ன பிரிபெய்ட் சிம் ஒண்ணு வாங்கி ஒரு வாரம் பாருங்க. சமையலறையில நின்னு பேசுங்க, படுக்கையறைக் கதவைச் சாத்திட்டுப் பேசுங்க, சாயங்காலம் எல்லாரும் வீடு திரும்புற நேரத்துலயும் பேசுங்க. திருப்தின்னா நம்பரை மாத்தாமலே கம்பெனியை மாத்தலாம், இந்த வசதி 2008-லேருந்தே இருக்கு. சிம் யார் பேர்ல பதிவாயிருக்குன்னு மட்டும் முதல்ல பாருங்க. பிரிபெய்ட்ல மீதிக் காசு கூட வராது, பேசித் தீர்த்துடுங்க. போஸ்ட்பெய்ட்னா ஒப்பந்தம் முடிஞ்சிருக்கணும்.

ஒரு கசப்பான விஷயமும் சொல்லணும். லைன் இல்லன்னு புலம்புறதும் நாமதான், பக்கத்துல கோபுரம் வேணாம்னு கையெழுத்து போடுறதும் நாமதான். பயம் இருந்தா கேள்வி கேளுங்க, தப்பில்ல. ஆனா கோபுரம் இல்லாம லைன் வராது. உண்மையிலேயே கிடைக்காத இடம்னா, குழுவுல திட்டுறதோட நிறுத்தாம மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்துக்குப் புகார் எழுதுங்க. வீட்டு முகவரி, எந்த நேரம், எத்தனை நாளா இப்படின்னு தெளிவா எழுதுங்க. ஒரு கம்போங்லேருந்து இருபது வீடு எழுதினா அதுக்கு மதிப்பே தனி.

கடைசியா, வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வைங்க. உங்க சிம்ல லைன் இல்லாட்டியும், அங்க வேற கம்பெனி கோபுரம் இருந்தா 112 அழைக்கலாம், அது 999-க்குப் போகும். கோயிலுக்கு வரும்போது சின்னப் பிள்ளைங்க சட்டைப் பையில அப்பா அம்மா ரெண்டு பேர் நம்பரையும் எழுதி வைங்க. பிரிஞ்சா எங்க சந்திக்கிறதுன்னு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க. கூட்டத்துல அழைப்பு போகலன்னா குறுஞ்செய்தி அனுப்புங்க, பல நேரம் அது போய்ச் சேந்துடும்.

உங்க கம்போங்ல, உங்க தாமான்ல எந்த லைன் கிடைக்குது, எது கிடைக்கலன்னு கீழே எழுதுங்க. இடத்தோட பேரைச் சொல்லி எழுதுங்க, அப்பதான் அடுத்தவங்களுக்குப் பயன்படும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!