மடியில் 11 கிலோ!



விழுப்புரத்தில் பஸ் ஏறி, திண்டிவனத்துக்கு மல்லாட்டை வாங்கப் போகும் ஒரு வியாபாரியை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் பார்க்கக் கையோடு ஒரு கணினி வேண்டும் அவருக்கு.

1981-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ‘ஆஸ்போர்ன் 1’, இப்படி அலைபவர்களுக்காகவே செய்யப்பட்டது. தையல் மிஷின் பெட்டி போல மூடித் தூக்கலாம். எடை 11 கிலோ! திரையோ 5 அங்குலம். பேட்டரி கிடையாது. அத்தனை தூரம் மடியில் சுமந்துவந்து, இறங்கியதும் பிளக் பாயின்ட் தேட வேண்டும்!

பிறகு எடை குறைந்தது. ஆனால், மல்லாட்டை விளைவித்த விவசாயி வாங்கும் விலைக்கு வரவில்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டால்?

பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும், என்கோர் நிறுவனப் பொறியாளர்களும் இதைத்தான் யோசித்தார்கள். 2001-ல் அவர்கள் காட்டிய ‘சிம்ப்யூட்டர்’ கையில் அடங்கியது. சிறு குச்சியால் திரையைத் தொட்டால் போதும். எழுத்தை இந்திய மொழிகளில் வாய்விட்டுப் படித்தது.

எனக்கு மிகவும் பிடித்தது, அதில் அட்டை செருக வைத்திருந்த இடம். ஊருக்கே ஒரு கருவி. அவரவர் கணக்கு அவரவர் அட்டையில். செருகினால் கருவி உங்களுடையது, எடுத்தால் அடுத்தவருடையது!

2004-ல் கடைக்கு வந்தபோது விலை சுமார் 10,000 ரூபாய். சில ஆயிரம்தான் விற்றன. செல்போன் முந்திக்கொண்டது.

சரி, உங்கள் தெருவுக்கே ஒரு கணினிதான் என்றால், அதில் என்னென்ன பொருத்துவீர்கள்? படம் வரைந்து அனுப்புங்கள், பார்க்கலாம்.

அன்புடன்,
ஆசிரியர்