குறை பெண்ணிடம் மட்டும்தானா?



கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியும் வீட்டில் தொட்டில் கட்டவில்லை என்றால் லயத்தில் என்ன பேச்சு வருகிறது? "அவளுக்குத்தான் ஏதோ கோளாறு" என்பார்கள். விரதம், நாட்டு மருந்து, டாக்டர் எல்லாம் அந்தப் பெண்ணுக்கே. ஆம்பிளையை யாராவது கேட்டதுண்டா? பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் குறையும் சேர்ந்திருக்கிறது.

இன்னொன்றும் கேளுங்கள். பல நாடுகளில் ஆண்களின் விந்தணுக்கள் குறைந்து வருகின்றன. பிரான்ஸ் நாட்டில் 1989 முதல் 2005 வரை பிள்ளைப்பேற்றுச் சிகிச்சை நிலையங்களுக்கு வந்த 26,609 ஆண்களின் கணக்கைப் பார்த்தார்கள். இவர்கள் மனைவியின் கருக்குழாய்க் கோளாறுக்காக வந்தவர்கள். தங்கள் குறைக்காக அல்ல. 35 வயது ஆணுக்கு ஒரு மில்லிலிட்டரில் 73.6 மில்லியனாக இருந்த விந்தணு, 49.9 மில்லியனாக இறங்கிவிட்டது. மூன்றில் ஒரு பங்கு போயிற்று!

இதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் கீழ்வரம்பு 16 மில்லியன்தான். எல்லா ஊரிலும் இப்படி இறங்கவும் இல்லை. அதே பிரான்ஸில் துலூஸ் நகரத்தில் 1977 முதல் 1992 வரை பார்த்ததில் மாற்றமே காணவில்லை. இறங்கிய இடங்களிலும் இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் காட்ட முடியவில்லை.

ஆனால், வேலையிடத்து மருந்தே ஆணின் விந்தணுவை அழித்துவிடும் என்பது நிரூபணமான உண்மை. அது தெரிய வந்தது நம்மைப் போன்ற தொழிலாளர்களால்தான்.

1977-இல் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் லேத்ரோப் என்ற ஊரில், பூச்சிமருந்துத் தொழிற்சாலை ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். "உனக்கும் பிள்ளையில்லையா? எனக்கும்தான்!" தொழிற்சங்கம் தலையிட்டது, சோதனை நடந்தது. டி.பி.சி.பி. என்ற புழுக்கொல்லி மருந்தில் வெகுநாள் வேலை செய்த பலருக்கு விந்தணு மிகக் குறைவு. சிலருக்கு அறவே இல்லை. மிருகங்களுக்கு அந்த மருந்து விதையைக் கெடுக்கிறது என்ற ஆராய்ச்சி 1961-லேயே வெளிவந்திருந்தது. தொழிலாளிக்கு எடுத்துச் சொன்னவர் யார்? அமெரிக்காவில் தடை வந்த பிறகும் கோஸ்டாரிக்கா வாழைத் தோட்டங்களில் அதைப் போட்டார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் பிள்ளைப் பாக்கியத்தை இழந்தார்கள்.

இன்று நாம் அடிக்கும் மருந்தெல்லாம் அப்படித்தான் என்று சொல்லவில்லை. ஆனால் டின்னில் இருப்பது என்ன என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி விவரம் சொல்வதும் பயிற்சி தருவதும் முதலாளியின் கடமை. கையுறை, முகமூடி கொடுக்காவிட்டால் சும்மா இருக்காதீர்கள். கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். மருந்தடித்த உடுப்போடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்காதீர்கள். குளித்து, உடுப்பை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் பிள்ளை தங்கவில்லையா? புருஷன் பெண்சாதி இருவரும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆணுக்கு விந்துச் சோதனை. ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை. அதற்குமுன் இரண்டு முதல் ஏழு நாள் வரை விலகியிருந்தால் போதும். முதல் தடவை குறைவாக வந்தால் இடிந்துபோகாமல் மறுபடி பாருங்கள். புது விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். ஆகவே சிகரெட்டையும் சம்சுவையும் இன்று விட்டால் பலன் தெரிய மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

லேத்ரோப் தொழிலாளர்கள் வெட்கப்பட்டு வாயை மூடியிருந்தால் அந்த விஷம் இன்னும் பல காலம் ஓடியிருக்கும். ஆம்பிளைகளே, சோதனைக்குப் போவதில் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. சோதித்துப் பார்க்காமல் பெண்ணை மலடி என்பதுதான் கேவலம்!