கூட்டம் சேர்த்தது யார்?

“நம் ஜனங்களுக்கு அறிவு வராது சார், வரவே வராது!” என்று தொலைபேசியில் பொருமினார் என் நண்பர் ஒருவர். 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் தேதி, சனிக்கிழமை. சென்னைக் கடைத்தெருக்களில் ஜனங்கள் முண்டியடிப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுத்தான் அவருக்கு அந்தத் தார்மீகக் கோபம். நானோ அந்த முண்டியடிப்பிலிருந்து அப்போதுதான் வீடு திரும்பி, கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. “அந்த அறிவுகெட்டவர்களில் நானும் ஒருவன்” என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று நடந்தது என்ன? முதல் நாள், வெள்ளிக்கிழமை, சர்க்கார் ஒரு அறிவிப்புச் செய்தது. ஞாயிறு காலை 6 மணியிலிருந்து சென்னை, கோவை, மதுரை ஆகிய நகரங்களில் 4 நாட்களுக்கும், சேலத்திலும் திருப்பூரிலும் 3 நாட்களுக்கும் முழு ஊரடங்கு. மளிகைக் கடைகூடத் திறக்கப்படாது. அந்த நாட்களில் கடைகள் பகல் 1 மணிக்கே மூடப்பட்டு வந்தன. ஆகவே, படுத்து எழுந்தால் ஜனங்களுக்கு மிச்சம் இருந்தது காலை 6 மணி முதல் 1 மணி வரை, 7 மணி நேரம். அந்த 7 மணி நேரத்துக்குள் ஒரு மாநகரம் முழுவதும் 4 நாள் சாமானை வாங்கி முடிக்க வேண்டும்; அதுவும் ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு நின்று! இந்தக் கணக்கைப் போட்டவர் யார் என்று எனக்குத் தெரியாது. என் படிப்பு இன்டர்மீடியட்டோடு நின்றுபோனது. இருந்தாலும் இந்தக் கணக்குக்கு அதுவே அதிகம்.

வரிசையில் எனக்கு முன்னால் ஒரு அம்மாள் நின்றாள். நாலு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவள். மார்ச் மாதக் கடைசியிலிருந்து நாலு வீட்டுக் கதவும் அவளுக்குச் சாத்தியாகிவிட்டது. முந்தானையை முகக்கவசமாகச் சுற்றியிருந்தாள்.

“அரிசி, பருப்பு, எண்ணெய் ரேஷன்ல குடுத்தாங்க தம்பி, இல்லேன்னு பொய் சொல்லக் கூடாது. புளி, மொளகா, வெங்காயம் வோணுமா, வோணாமா? அன்னன்னிக்கு அம்பது ரூபாய்க்கு வாங்கியே பழக்கம். நாலு நாளைக்கு ஒண்ணா வாங்குன்னா, காசுக்கு எங்கே போறது?”

யாரிடமோ 200 ரூபாய் கைமாற்று வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். இவள்தான் பதுக்கல்காரி! இவள்தான் ‘பீதியடைந்து பொருள்களை வாங்கிக் குவிக்கும் பொதுமக்கள்’!

பீதி என்ற அந்த வார்த்தையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாளை கடை இல்லை என்று தெரிந்தவன் இன்று கடைக்குப் போவது பீதி அல்ல. மழை வருகிறதென்றால் கொடியில் காயும் துணியை எடுக்க மாட்டார்களா? பீதி எப்படியிருக்கும் என்று காட்ட வேண்டுமானால், அதற்கு நான் என் நண்பரின் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அந்த வருஷம் மார்ச் 24-ஆம் தேதி இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். அன்று நள்ளிரவிலிருந்தே நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு என்றார். அந்தப் பேச்சுக்கு ஒரு வாரம் முன்பே என் நண்பர் காரில் இரண்டு நடை போய் வந்துவிட்டார். இரண்டு மூட்டை அரிசி, குளிர்சாதனப் பெட்டி கொள்ளாத அளவுக்குக் காய்கறி, ஒரு அட்டைப்பெட்டி நிறைய முகக்கவசம். முகக்கவசத்தையும் கைகழுவும் திரவத்தையும் அத்தியாவசியப் பண்டமென்று மத்திய சர்க்கார் மார்ச் 13-ஆம் தேதி அறிவித்து, பிறகு மூன்றடுக்குக் கவசத்துக்கு 10 ரூபாய் என்று விலைக்கு வரம்பு கட்டியது எதனால்? முந்தானையைச் சுற்றிக்கொண்டவளாலா? என் நண்பரைத் தொலைக்காட்சி காட்டவில்லை. அவர் கூட்டத்தில் நிற்கவில்லை. கையில் பணமும் வீட்டில் இடமும் இருந்துவிட்டால் பதுக்கலுக்குப் பெயர் முன்யோசனை!

எனக்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது என்பது தெரியும். “நடமாடும் காய்கறிக் கடைகள் வரும் என்று அந்த அறிவிப்பிலேயே இருந்ததே, பிறகு ஏன் ஓடினார்கள்?” வாஸ்தவம், இருந்தது. ஆனால் அதற்கு முந்திய ஒரு மாதத்தில் அப்படி ஒரு வண்டி எங்கள் தெருவுக்கு இரண்டு தரம் வந்தது. அந்த அம்மாள் குடியிருக்கும் சந்துக்குள் வண்டியே நுழையாது. முதலில் வண்டியை அனுப்பி, அது வருகிறதென்று ஜனங்கள் கண்ணால் கண்ட பிறகு கடையை மூடியிருந்தால், நானும் அவர்களைக் குறை சொல்லியிருப்பேன். “முன்கூட்டியே சொன்னால் கூட்டம் இன்னும் பெருகும்” என்பது இன்னொரு பதில். கடை திறந்திருக்கும் நேரத்தைப் பாதியாக வெட்டினால் வாங்குகிறவன் பாதியாகக் குறைவதில்லை. ஒவ்வொரு மணி நேரத்திலும் இரண்டு மடங்காக நிற்கிறான். கூட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் கடையை விடியற்காலையிலிருந்து இரவு வரை திறந்து வைத்திருக்க வேண்டும். சர்க்காருக்கும் இது புரிந்தது, எப்போது? சனிக்கிழமை கூட்டம் கட்டுக்கடங்காமல் போன பிறகு, “இன்று ஒரு நாள் 3 மணி வரை கடை திறக்கலாம்” என்றார்கள். அந்த இரண்டு மணி நேரம் தவற்றை ஒப்புக்கொண்டதன்றி வேறென்ன? அதற்குள் அந்த அம்மாள் வெங்காயம் கிடைக்காமல் திரும்பிப் போய்விட்டாள். சலுகைச் செய்தி கைபேசி வைத்திருந்த எனக்குத்தான் வந்தது.

பிறகு கோயம்பேடு. அங்கே தொற்று பரவி, மே 5-ஆம் தேதி சந்தையை மூடி, 11-ஆம் தேதி திருமழிசையில் தாற்காலிகச் சந்தை திறந்தார்கள். இதற்குள் கோயம்பேட்டில் மூட்டை தூக்கிய தொழிலாளர்கள் அரியலூருக்கும் கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் திரும்பியிருந்தார்கள்; நோயும் கூடப் போயிற்று. ஏப்ரல் 25 என்ற ஒரு நாள்தான் இதற்கெல்லாம் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், அது அபாண்டம். ஆனால், முன்பே இடம் மாறச் சொல்லியும் வியாபாரிகள் இணங்கவில்லை என்று முதலமைச்சரே சொன்னார் பாருங்கள், அதைக் கேட்டுத்தான் நான் அசந்து போனேன். 50 ரூபாய்க்குப் புளி மிளகாய் வாங்குகிறவளிடம் லத்தியைக் காட்டத் தெரிந்த சர்க்காருக்கு, மொத்த வியாபாரியிடம் மட்டும் கெஞ்சத்தான் தெரிந்ததா?

ஒரு கட்சியைத் திட்டுவதற்காக இதை எழுதுகிறேன் என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். மறு வருஷம் ஆட்சி மாறியது. 2021 மே 24 முதல் தளர்வில்லாத ஊரடங்கு என்றார்கள்; அதற்கு முன் இரண்டு நாள் இரவு 9 மணி வரை கடைகளைத் திறக்க விட்டார்கள். முன்னதற்கு இது மேல். கூட்டம் அப்போதும் சேர்ந்தது. ஆனால் இம்முறை காய்கறி வண்டிகளைத் தோட்டக்கலைத் துறையே தெருவுக்கு அனுப்பியது. எங்கள் தெருவிலும் மணியடித்துக்கொண்டு வந்தது.

அதே மே மாதத்தில்தான் ரெம்டெசிவிர் மருந்துக்கு வரிசை நின்றது. அதனால் உயிர் பிழைப்பதாகச் சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே அதை வேண்டாமென்றிருந்தது. இருந்தும் மருத்துவமனைகள் சீட்டெழுதிக் கொடுத்து, நோயாளியின் சொந்தக்காரனைத் தெருவுக்கு அனுப்பின. கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் இரவெல்லாம் காத்துக் கிடந்தார்கள். கூட்டம் தாங்காமல் மே 15-ஆம் தேதி விற்பனையை நேரு விளையாட்டரங்கத்துக்கு மாற்றினார்கள். கூட்டமும் அங்கே மாறியது. பிறகு, தனியார் மருத்துவமனைகளுக்கே மருந்தை நேரே கொடுத்துவிடுவது என்று மே 18-லிருந்து முறையை மாற்றினார்கள். விளையாட்டரங்கத்து வரிசை கலைந்தது. ஜனங்களுக்கு ஒரே ராத்திரியில் அறிவு வந்துவிட்டதா என்ன?

கீழ்ப்பாக்கத்து வரிசையில் என் நண்பரும் இரண்டு நாள் நின்றார், மைத்துனருக்காக. காரை எங்கோ நிறுத்திவிட்டு, பிளாட்பாரத்தில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்திருந்தார். இரவு பத்து மணிக்கு எனக்குத் தொலைபேசியில் பேசினார். குரல் கம்மியிருந்தது. அன்று அவர் யாரையும் அறிவில்லாதவர் என்று சொல்லவில்லை. “உங்களுக்கு உள்ளே யாரையாவது தெரியுமா சார்?” என்றுதான் கேட்டார்.