உழவனின் துவக்கும் அரசின் நாட்காட்டியும்

துவக்கு என்றதும் குருதியை நினைப்பது, 1983 முதல் 2009 வரை போரைக் கண்ட நாட்டில் இயல்பே. ஆயின் தம்பலகாமத்திலும் மூதூரிலும் வெருகலிலும் காவற்பரணில் இரவைக் கழிக்கும் உழவனுக்கு அது மண்வெட்டியை ஒத்த கருவி. காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காப்பது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி நோக்காத சட்டம் நீதியான சட்டமாகாது.

துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டமாகும். 1915 கலவரத்தை இராணுவச் சட்டத்தால் அடக்கிய குடியேற்ற ஆட்சி, அதற்கு மறுவருடம் இதனை இயற்றியது. குடிகளை ஐயுற்ற ஆட்சியின் மனப்பாங்கு அதிற் படிந்திருப்பதில் வியப்பில்லை. சுதந்திரத்தின் பின்னரும் அது நீடிப்பதே வியப்புக்குரியது. 1996 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. உழவனின் அலைச்சலைக் குறைக்கவில்லை.

அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் டிசெம்பர் 31 உடன் காலாவதியாகின்றது. திருகோணமலையில் அம்மாதம் எத்தகையது? வடகீழ்ப் பருவமழை பொழியும் காலம். பெரும்போகப் பயிர் காவலை வேண்டி நிற்கும் காலம். அறுவடைப் பணம் கைக்கு வருவதோ மாசி, பங்குனியில். ஆகவே கை வறண்ட வேளையிற் கட்டணமும், காவல் வேண்டிய நாட்களில் அலுவலக அலைச்சலும் அவன்மீது சுமத்தப்படுகின்றன. கட்டணம் பெரிதா சிறிதா என்பது இரண்டாவது வினாவே. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னரும், வெருகலிலிருந்து கொட்டியாரக் குடாவைச் சுற்றி நகருக்குச் சென்று மீள ஒரு பகல் கழிகின்றது. இழந்த அந்நாளின் உழைப்பு எந்தப் பற்றுச்சீட்டிலும் பதிவாவதில்லை.

போர்க்காலம் இதனினும் கொடிய பாடத்தைக் கற்பித்தது. ஒரு கிராமத்து உழவனின் வேட்டைத் துவக்கு ஐயத்துக்குரிய பொருளாயிற்று; அயற்கிராமத்து ஊர்காவற் படையினருக்கோ அரசே துவக்கு வழங்கியது. அனுமதி என்பது உரிமையாக அன்றி, ஆளறிந்து அளிக்கும் சலுகையாகக் கருதப்படும்வரை இந்த ஐயம் மறையாது.

கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் குற்றங்கள் பெருகும் என்பர் சிலர். தானியங்கித் துப்பாக்கிகளுக்கு எதிரான கடுமை வேண்டியதே. அதனை எவரும் மறுக்கவில்லை. ஆனால் அனுமதி பெற்ற துவக்குக்கு இலக்கமும் உரியவரும் உண்டு. தவறு நேரின் பொறுப்புக் கூற ஒருவர் இருப்பார். அவ்வழி அடைபடும்போது வயலுக்கு வருபவை இடியன் துவக்கும், சட்டவிரோத மின்வேலியும், ‘ஹக்க பட்டாஸ்’ எனப்படும் வாய்வெடியுமே. பன்றிக்கு வைத்த வெடி யானைக்கன்றின் வாயைச் சிதைக்கின்றது. 2023 இல் மட்டும் நாடு முழுவதிலும் 400 இற்கும் மேற்பட்ட யானைகள் மடிந்தன. அவற்றுட் பல துப்பாக்கிச் சூட்டுக்கும், மின்சாரத்துக்கும், வாய்வெடிக்கும் பலியானவை என்பது ஈண்டு நோக்கற்பாலது.

எனவே பயிர்காப்புத் துவக்குக்கெனத் தனி விதிகள் வேண்டும். அனுமதி மூன்றாண்டுக்குச் செல்லுபடியாதல் வேண்டும். புதுப்பித்தல் அறுவடைக்குப் பின்னர், பிரதேச செயலகத்திலேயே நிகழ்தல் வேண்டும். விண்ணப்பம் மறுக்கப்படின், குறித்த நாளுக்குள், விண்ணப்பித்தவரின் மொழியில், எழுத்தில் காரணம் கூறப்படல் வேண்டும். இவற்றுள் எதுவும் அரசின் பாதுகாப்பைக் குலைக்காது. நூறாண்டு கடந்த ஐயத்தை மட்டுமே குலைக்கும்.