தடமும் மறையும்

சென்ற விடுமுறையில் நக்கிள்ஸ் மலைத்தொடருக்குச் சென்று மீண்ட மாணவனொருவன் தன் கைத்தொலைபேசியை எம்மிடம் நீட்டினான். வளைந்து நெளிந்து மலையேறிய வழி முழுவதும் நிலப்படத்தின்மீது நீலக் கோடாய் விளங்கிற்று. கண்டு மகிழ்ந்தோம். ஆயினும் கோட்டின் முனையைத் தேடிச் சென்ற கண் திடுக்கிட்டு நின்றது. மடவளையில் அவன் வீட்டு வாயிற்படியிலன்றோ அது தொடங்கியிருந்தது! புறப்பட்ட நேரமும் மீண்ட நேரமும் உடனிருந்தன. யாரோ நடத்தும் இணையத்தளமொன்றில் கோப்பினை ஏற்றியே அவன் அதனைப் பார்த்திருந்தான்.

வழியை மறைத்தல் இம்மண்ணுக்குப் புதிதன்று. கண்டியரசர் மலைப்பாதைகளை அகலப்படுத்த விடாது, முட்படலைகளிட்டுக் காவல் வைத்தனர். வழியறியாமையே பகைவர்க்கு முதற்பகை. 1660இல் சிறைப்பட்ட றொபேட் நொக்ஸ், ஊரூராய்ப் பண்டம் விற்றுத் திரிந்தே வழிகளைக் கற்றார், 1679இல் தப்பினார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூலில் இலங்கைப் படமும் இடம்பெற்றது. அவர் பத்தொன்பது ஆண்டு காத்திருந்து கொண்டுசென்றதனை நாம் ஒரு நொடியில் பிறர் கையில் வைக்கின்றோம்.

செய்மதிகளைப் பழித்தல் நேர்மையன்று. ஜி.பி.எஸ். செய்மதிகள் நேரக்குறிகளை ஒலிபரப்புவன. நம்மை நோக்குவன அல்ல. அக்குறிகளைக் கொண்டு தன் இருப்பிடத்தைக் கணித்து எழுதிக்கொள்வது நம் கையிலுள்ள கருவியே. அவ்வேடு கைமாறும்போதே இரகசியமும் கைமாறுகின்றது.

பெயரை நீக்கினாற் போதாதோ எனின், போதாது. 2017 நவம்பரில் ஸ்ட்ராவா என்னும் நிறுவனம் தன்னிடம் சேர்ந்த ஓட்டக்காரர் தடங்களைப் பெயரின்றித் திரட்டி உலகப் படமாய் வெளியிட்டது. 2018 ஜனவரியில் அவுஸ்திரேலிய மாணவரொருவர் அதனை உற்றுநோக்கினார். சிரியாவிலும் ஆப்கானிஸ்தானிலும், இருண்டு கிடந்த வெளிகளின் நடுவே, படைமுகாம்களின் சுற்றுவழிகள் ஒளிக்கோடுகளாய்த் தெரிந்தன. வீரர் பெயர் எதுவுமில்லை; அவர்கள் நாள்தோறும் ஓடிய வழி இருந்தது. 2013இல் வெளியான ஆய்வொன்று பதினைந்து இலட்சம் பேரின் கைத்தொலைபேசிப் பதிவுகளை ஆராய்ந்து, இடமும் நேரமும் சேர்ந்த நான்கு குறிப்புகளே நூற்றுக்கு 95 பேரைத் தனித்துக் காட்டப் போதும் எனக் கண்டது. மடவளை போன்ற ஊரில் நான்கும் வேண்டா. விடியலில் எவ்வாயிற்படியை எவர் தாண்டினார் என்பதை அயலார் அறியாரோ?

அதற்காகத் தடத்தைப் பாராது விடுவதா? ஜி.பி.எக்ஸ். எனப்படும் அக்கோப்பு வெறும் எழுத்தேடு. அதனை விரிக்கப் பிறர் கணினி தேவையில்லை. ஜி.பி.எக்ஸ்.சீ என்னும் இலவச மென்பொருள் நம் கணினியிலேயே விரித்துக் காட்டும். ஓஸ்மாண்ட் என்னும் செயலி கைத்தொலைபேசியில் அதனைச் செய்யும். இங்கொரு நுணுக்கம் உண்டு. தடம் நம்மிடமே இருப்பினும், அடியிலுள்ள நிலப்படம் துண்டுதுண்டாய் இணையத்திலிருந்து வருமாயின், நாம் எப்பகுதியை நோக்குகின்றோம் என்பதை அனுப்புவோர் அறிவர். படத்தை முன்னரே இறக்கி வைத்துக்கொண்டால் அவ்வழியும் அடைபடும்.

இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரை அடையாளங்காட்டுவனவற்றுள் இருப்பிடத் தரவையும் பெயர்சொல்லிச் சுட்டுகின்றது. நன்று. ஆயினும் அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்து பிற்போடப்பட்டன.

மாணவன் அக்கோப்பினைத் தளத்திலிருந்து நீக்கினான். பின்பு தன் கணினியில் விரித்து, வீட்டிலிருந்து வத்தேகம வரையுள்ள பகுதியை வெட்டி, எஞ்சிய மலைவழியை மட்டும் நண்பர்க்கு அனுப்பினான். “ஐயா, தளத்தார் படியொன்று வைத்திருப்பார்களோ?” என்று வினவினான். எம்மிடம் விடையில்லை.