படியெடுத்தவை பிழைக்கும்

கண்டி மாநகரின் ஐப்பசிப் பிற்பகல் எத்தகையது என்பதை இங்கு வாழ்வோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் வானம் நிர்மலமாயிருக்கும். மதிய உணவு முடிந்து சற்றே கண்ணயர்வதற்குள் ஹந்தானை மலைமுகட்டில் கருமுகில் திரண்டுவிடும். இரு பருவக் காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம் அது. இடியும் மின்னலும் மலைக்கு மலை மோதி எதிரொலிக்கும். தேநீர் அருந்தி முடிப்பதற்குள் மழை ஓய்ந்து, ஒன்றுமே நிகழாததுபோல் வெயில் தலைகாட்டும்.

2010ஆம் ஆண்டின் அத்தகைய பிற்பகல் ஒன்றில் எங்கள் வீட்டில் ஓர் இழப்பு நேர்ந்தது. கூரை இடியவில்லை, எவர் உடலிலும் காயமில்லை. தொலைக்காட்சிக்குக் கீழே வைத்திருந்த பெட்டி ஒன்று மட்டும் உயிரிழந்தது. அந்தப் பெட்டியோடு போனது எது என்பதையே இவ்வாரம் வாசகர்களுக்குச் சொல்ல விழைகிறேன். என்னைப் போன்றே அசட்டையாயிருப்போர் பலர் இருக்கக்கூடும் என்பது ஒன்றே அதற்குக் காரணம்.

அந்தப் பெட்டி டி.வி.டி. பதிகருவி எனப்படுவது. அதனுள் வன்தட்டு ஒன்றும் பொருத்தப்பட்டிருந்தது. இன்றைய மாணவர் பலர் அதைக் கண்டிருக்கமாட்டார்கள். ஆகவே சிறிது விளக்குவேன்.

1970களின் நடுப்பகுதியில் ஜப்பானியர் வீட்டுக்குரிய ஒளிநாடாக் கருவிகளை உலகுக்கு அளித்தனர். 1975இல் பீட்டாமேக்ஸும் 1976இல் வி.எச்.எஸ்ஸும் தோன்றின. இலங்கையில் 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. பின்னர் நம் வீடுகளிலும் ஒளிநாடாக்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. ஆனால் மலைநாட்டின் ஈரக் காற்று நாடாவுக்குப் பகை. இரண்டு மழைக்காலம் கவனியாது விட்டால் நாடாவின் ஓரத்தில் வெண்பூஞ்சணம் படர்ந்துவிடும்.

அதன் பின்னர், 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், நாடாவே வேண்டாத பதிகருவிகள் வந்தன. அவற்றுள் சிறந்த வகையில் இரண்டு சேமிப்பிடங்கள் ஒரே பெட்டிக்குள் இருந்தன. ஒன்று வன்தட்டு. நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் காந்தத் தகட்டின்மேல், அதைத் தொடாமலே மிதந்தபடி எழுதும் ஒரு முனை. முனைக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி, தலைமயிரின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றையது இறுவட்டு. அதிலுள்ள சாயப் படலத்தைச் செந்நிற லேசர் கதிர் சுட்டுச் சுட்டு அடையாளமிடும்.

இரண்டுக்கும் கொள்ளளவில் பெரும் வேறுபாடு உண்டு. ஒரு சாதாரண இறுவட்டு 4.7 கிகாபைட் கொள்ளும். நல்ல தரத்தில் பதிந்தால் அது இரண்டு மணி நேரக் காட்சி. அதே தரத்தில் 80 கிகாபைட் வன்தட்டு ஏறத்தாழ 34 மணி நேரத்தைக் கொள்ளும். ஆகவே முதலில் எல்லாவற்றையும் வன்தட்டில் பதிந்துகொள்வதும், விளம்பரங்களை வெட்டியெறிவதும், வேண்டியதை மட்டும் இறுவட்டுக்கு மாற்றி அலுமாரியில் வைப்பதுமே இக்கருவியைச் செய்தவர்களின் கருத்து. வன்தட்டு நம் வீட்டுத் திண்ணை, இறுவட்டு பெட்டகம். திண்ணையில் வந்தமர்வோர் பலர். பெட்டகத்தில் வைப்பது சிலவே.

வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த உறவினர் ஒருவர் 2007இல் இக்கருவியை எங்களுக்குக் கொணர்ந்து தந்தார். அவ்வாண்டு டிசம்பர் 3ஆம் திகதி, திங்கட்கிழமை, அதன் பெருமையை நாங்கள் முழுமையாக உணர்ந்தோம்.

அன்று அஸ்கிரிய மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் ஆட்டத்தின் மூன்றாம் நாள். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்ற நம்மூர் முத்தையா முரளிதரன், ஷேன் வோர்னின் 708 விக்கெட்டுகள் என்னும் சாதனையைத் தாண்டவேண்டிய தருணம். என் தந்தையார் கிரிக்கெட் பித்தர். ஆனால் மூட்டுவலி அவரை அஸ்கிரியவின் மேட்டில் ஏறவிடவில்லை. போதாக்குறைக்கு அன்று காலையே மருத்துவரைக் காணவும் செல்லவேண்டியிருந்தது. புறப்படும்போது கருவியில் நேரத்தைக் குறித்துவிட்டுச் சென்றோம்.

வீடு திரும்பும் வழியிலேயே வெடிச்சத்தம் கேட்டது. போல் கொலிங்வூட்டின் விக்கெட் வீழ்ந்ததும், 709ஆவது விக்கெட் என்னும் உலக சாதனை ஒரு மலையகத் தமிழனின் கைக்கு வந்ததும் தெருவே அறிந்த செய்தியாகிவிட்டது. ஆயினும் தந்தையார், "முடிவு தெரிஞ்சா என்ன? மொதல்லேருந்து போடு தம்பி," என்றார். கருவி அப்போதும் பதிந்துகொண்டேயிருந்தது. அது பதிந்துகொண்டிருக்கும்போதே, அன்றைய ஆட்டத்தை முதலிலிருந்து போட்டுப் பார்க்க முடிந்தது. ஒளிநாடாவில் இது நடவாத காரியம். நாடாவில் ஒரு நேரத்தில் எழுதலாம், அல்லது படிக்கலாம். அந்தப் பந்து விக்கெட்டைச் சாய்த்த காட்சியை அவர் எத்தனை முறை திரும்பத் திரும்பப் பார்த்தார் என்பதற்குக் கணக்கில்லை.

1983 முதல் டெஸ்ட் ஆட்டங்கள் நடந்த அஸ்கிரியவில் அதுவே இறுதி டெஸ்ட் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. அடுத்த ஆண்டுத் தைப்பொங்கல் தந்தையாருக்கு இறுதிப் பொங்கல் என்பதும் தெரியாது.

அந்தப் பொங்கலையொட்டிய நாள்களில் எனக்கு ஒரு யோசனை தோன்றிற்று. அவருடைய பாட்டனார் திருச்சிச் சீமையிலிருந்து கடல் கடந்து மன்னாரில் இறங்கியவர். காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்தே வந்து கோப்பித் தோட்டத்தில் வேலைக்கமர்ந்தவர். வழியில் நீரின்றி மடிந்தவர்களைப் பற்றியும், வாந்திபேதியில் விட்டுவரப்பட்டவர்களைப் பற்றியும் பாட்டனார் சொல்லக் கேட்டவற்றைத் தந்தையார் அவ்வப்போது சொல்வதுண்டு. அக்கதைகள் எந்த நூலிலும் இல்லை. ஒரு சிறு கமெராவை இரவல் வாங்கி, மூன்று மாலைகள் அவரைப் பேசவைத்துப் பதிந்தேன். மாலைக்கு ஒரு மணி நேரம்.

அடுத்து நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். தவறு எங்கே என்று வாசகர்களே கண்டுகொள்ளலாம்.

முதல் மாலையின் பதிவைக் கமெராவிலிருந்து வன்தட்டுக்கு மாற்றினேன். புதிய நாடா வாங்கும் செலவை மிச்சப்படுத்த எண்ணி, அதே நாடாவில் இரண்டாம் மாலையைப் பதிந்தேன். அதையும் வன்தட்டுக்கு மாற்றியபின் அதே நாடாவில் மூன்றாம் மாலையைப் பதிந்தேன். பின்னர் நாடாவையும் கமெராவோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "எல்லாம் பெட்டிக்குள் பத்திரமாயிருக்கிறது," என்று வீட்டாரிடம் பெருமையோடு கூறினேன்.

இதற்கிடையே அம்மா ஒன்று சொன்னார். தந்தையாரின் தங்கை, என் அத்தை, திருச்சியில் இருக்கிறார். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபோது பிரிந்த குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. 1970களில் தலைமன்னாரில் கப்பலேறிய அத்தை அதன்பின் அண்ணனைக் கண்டதில்லை. "மொதல்ல அத்தைக்கு ஒண்ணு அனுப்பி வையிப்பா. அண்ணன் பேசுறத அவங்க கேக்கட்டும்," என்றார் அம்மா. அவருடைய நச்சரிப்புக்காகவே முதல் மாலையின் பதிவை மட்டும் ஓர் இறுவட்டில் எழுதித் தபாலில் அனுப்பினேன். மற்ற இரண்டையும் ஓய்வுநாளில் எழுதலாம் என்றிருந்தேன்.

அவ்வாண்டு ஆவணியில் தந்தையார் காலமானார். ஓய்வுநாள்கள் வந்தன, போயின. பதிவுகளைப் போட்டுப் பார்க்க மனம் துணியவில்லை. பார்க்காததால் படியெடுக்கவும் இல்லை. 2010 ஐப்பசியில் மின்னல் வந்தது. அலைவாங்கிக் கம்பியையும் மின்செருகியையும் நான் கழற்றி வைக்கவில்லை.

பழுது பார்ப்பவரிடம் கொண்டு சென்றேன். அவர் நல்ல மனிதர். வன்தட்டைக் கழற்றிக் கணினியில் இணைத்தும் பார்த்தார். இத்தகைய கருவிகள் பல, தமக்கேயுரிய முறையில் வன்தட்டில் எழுதுவதால், தட்டு நன்றாயிருந்தாலும் கணினி அதை எளிதில் படிக்காது. எங்கள் தட்டோ சுழலவே மறுத்தது. "உள்ளே முக்கியமானது ஏதும் உண்டா?" என்று அவர் கேட்டபோது எனக்கு விடை சொல்ல நா எழவில்லை.

அன்றிரவு ஓர் உண்மை எனக்குத் தெளிவாயிற்று. அந்தத் தட்டில் முரளியின் 709ஆவது விக்கெட்டும் இருந்தது. தந்தையாரின் இரண்டு மாலைகளும் இருந்தன. முரளியின் பந்தை உலகம் பாதுகாத்து வைத்திருக்கிறது. எத்தனையோ நிலையங்களில், எத்தனையோ நாடுகளில் அதன் பிரதிகள் உண்டு. நான் பதியாதிருந்தாலும் அது அழியாது. தந்தையாரின் குரலோ உலகில் எங்கள் வீட்டுப் பெட்டி ஒன்றில் மட்டுமே இருந்தது. உலகம் காப்பதை நான் காத்துக்கொண்டிருந்தேன். நான் மட்டுமே காக்கக்கூடியதைக் காக்காது விட்டேன்.

பனையோலையில் எழுதிய நம் முன்னோர் இதை நன்கறிந்திருந்தனர். ஓலை எவ்வளவு பதமாய் இருந்தாலும் செல்லும் ஈரமும் சில நூற்றாண்டுகளில் அதை அரித்துவிடும். ஆகவே ஏடு சிதையுமுன் புதிய ஓலையில் படியெடுத்தனர். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்ற முடிந்ததென்றால், அதற்கு முன்னர் பெயரறியாத எத்தனையோ பேர் விளக்கொளியில் எழுத்தாணி பிடித்திருந்தமையே காரணம். ஏடு வாழ்ந்தது ஓலையின் உறுதியால் அன்று, படியெடுத்தவனின் கையால். படியெடுக்கப்படாதவை என்னாகும் என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சு நூல்களில் பலவற்றை வேறிடத்தில் தேடிப் பெறலாம். வேறு பிரதியில்லாத கையெழுத்து ஏடுகளை எங்கே தேடுவது?

ஆகவே வாசகர்களுக்குச் சில சொல்வேன். பழைய பதிகருவி உங்கள் வீட்டில் இன்னும் இயங்குமாயின், இந்த வாரமே அதன் வன்தட்டில் இருப்பதைப் பட்டியலிடுங்கள். வேறெங்கும் கிடைக்காதவற்றை முதலில் இறுவட்டுக்கு மாற்றுங்கள். எழுதியபின் இறுவட்டை முடித்து மூடும் கட்டளையைத் தர மறவாதீர்கள். அன்றேல் பிற கருவிகளில் அது ஓடாமற் போகலாம். அதிலிருந்து கணினிக்கும் ஒரு பிரதி எடுங்கள். ஒரு பிரதி வீட்டிலும் மற்றொன்று வேறூரிலும் இருக்கட்டும். இறுவட்டின் மேல் கூரிய பேனாவால் எழுதாதீர்கள். வெயிலும் ஈரமும் படாத இடத்தில் நிறுத்தி வையுங்கள். இடி கேட்டபின் அல்ல, வானம் கறுக்கும்போதே செருகிகளைக் கழற்றுங்கள்.

நாளைக்கு என்று தள்ளிப் போடவும் வேண்டாம். வி.எச்.எஸ். கருவிகளைத் தயாரித்து வந்த ஜப்பானின் கடைசி நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையில் அத்தொழிலை நிறுத்தியது. சோனி நிறுவனம் பதியத்தக்க புளூரே வட்டுகளின் உற்பத்தியை 2025 பெப்ரவரியில் நிறுத்தியது. வட்டு நன்றாயிருந்தும் அதைப் படிக்கும் கருவி கிட்டாத காலம் வந்துகொண்டிருக்கிறது. கைத்தொலைபேசியில் ஆயிரக்கணக்கான படங்களை வைத்திருக்கும் இளைஞர்களே, உங்கள் கையிலிருப்பதும் திண்ணையே, பெட்டகம் அன்று.

இனி, கதையின் எஞ்சிய பகுதி. பெட்டி இறந்த செய்தியை அத்தைக்குத் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பின்பு, "நீ அனுப்புனது இருக்குப்பா. மஞ்சத் துணியில சுத்திச் சாமி அறையில வச்சிருக்கேன். ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் எடுத்துப் போட்டுக் கேப்பேன்," என்றார்.

மூன்று மணி நேரத்தில் ஒரு மணி நேரம் திரும்பி வந்தது. அதில் தந்தையார் மன்னாரிலிருந்து புறப்பட்ட கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறார். காடு தொடங்கும் இடத்தில், "மீதிய நாளைக்குச் சொல்றேன்," என்று எழுந்துவிடுகிறார். அந்த நாளைய மாலைதான் மின்னலோடு போயிற்று.

அந்த ஒரு மணி நேரத்துக்கு இன்று ஐந்து வீடுகளில் ஐந்து பிரதிகள் இருக்கின்றன.